குண்டு போய் நிற்கும் இடம்

நியூசிலாந்தின் தென்தீவில் சென்ட்ரல் ஒடாகோ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதி இருக்கிறது. அங்கே திராட்சை வைப்பவர்கள் வசந்த காலத்து உறைபனிக்கு அடுத்தபடியாக அஞ்சுவது முயலுக்குத்தான். நட்டு ஓராண்டு ஆன கொடியின் அடிப்பட்டையை முயல் சுற்றிலும் கடித்துவிட்டால், இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்காது. கொடி நின்ற நிலையிலேயே காய்ந்துபோகும். ஒரு குளிர்கால வாரத்தில் ஒரு வரிசையே அப்படிப் போவதுண்டு.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைப் பந்தலின் நிழலில் வளர்ந்தவன். எங்களுக்குச் சாம்பல் நோய் தெரியும், பழம் பழுக்கும் நேரத்தில் வந்து கெடுக்கும் மழை தெரியும், மலையடிவாரத்துக் காட்டுப்பன்றி தெரியும். முயல் ஒரு விவசாயியின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை 2015-இல் க்ரொம்வெல் அருகே பேனக்பர்னுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தத் தோட்டத்துக்காக ஒரு சிறு ரைஃபிளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடையில் ஒரு பொருளை வாங்கும் வேலை என்றுதான் அதை முதலில் எண்ணினேன். செய்து முடித்தபோது ஒரு நிலத்தைப் படிக்கக் கற்றிருந்தேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முயல் இந்த நாட்டுப் பிராணி அல்ல. இறைச்சிக்காகவும் வேட்டைக்காகவும் ஐரோப்பியக் குடியேறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்டார்கள். 1876-லேயே முயல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. முயலைப் பிடிக்கட்டும் என்று 1880-களில் ஸ்டோட், ஃபெரெட் என்ற, கீரி போன்ற ஊனுண்ணிகளை இறக்கினார்கள். அவை முயலோடு நிற்காமல், பறக்கத் தெரியாத உள்நாட்டுப் பறவைகளையும் தின்னத் தொடங்கின. 1997-இல் முயலைக் கொல்லும் வைரஸ் ஒன்றை யாரோ சட்டவிரோதமாகக் கொண்டுவந்து பரப்பினார்கள். முதலில் கூட்டம் கூட்டமாகச் செத்த முயல்கள் நாளடைவில் எதிர்ப்பாற்றல் பெற்று மறுபடி பெருகின. 2018-இல் அரசே அந்த வைரஸின் இன்னொரு வகையை முறைப்படி விட்டது. பத்து முயல் ஓர் ஆட்டின் தீனியைத் தின்னும் என்பது இங்கே பண்ணைக்காரர்கள் போடும் கணக்கு.

நிலத்தில் முயல் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது ஒடாகோவில் நிலத்துக்காரரின் சட்டப்படியான கடமை. எட்டுப் படிகள் கொண்ட ஓர் அளவுகோலில் மூன்றாம் படியைத் தாண்டக் கூடாது. அந்த அளவுகோலில் முயலை எண்ணுவதைவிடப் பிழுக்கையை எண்ணுவதுதான் அதிகம். பிழுக்கைக் குவியல்களுக்கிடையே சராசரியாகப் பத்து மீட்டராவது இடைவெளி இருந்தால் மூன்றாம் படி. நெருங்க நெருங்கப் படி ஏறும். வேலி, பொந்தை இடித்து மூடுதல், விஷம் என்று எல்லாம் செய்தாலும் வேலிக்குள் தங்கிவிடும் கடைசிச் சில முயல்களுக்குத் துப்பாக்கிதான் வழி. கொடிகளுக்கு நடுவே விஷத்தை நினைத்தபடி வைக்கவும் முடியாது.

எங்கள் தோட்ட மேலாளர் முன்பு செம்மறிப் பண்ணை நடத்தியவர். ஒருநாள் மாலை, காய்ந்துபோன கொடி ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "நீ லைசென்ஸ் எடுத்துக்கொள். பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆள் வரும்வரை முயல் காத்திருக்காது" என்றார்.

"நான் கல்லூரியில் என்சிசியில் சுட்டிருக்கிறேன்" என்றேன்.

"அப்படியானால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் கடினம்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அப்போது எனக்குப் பிடிபடவில்லை. என்சிசியில் இருந்தவர்களுக்கு பாயின்ட் டூ டூ ரைஃபிள் தெரியாமல் இராது. மதுரைப் பக்கம் ஒரு முகாமில், கித்தான் விரிப்பில் குப்புறப் படுத்து, இந்தியில் வரும் கட்டளைக்குக் காத்திருந்து, 25 மீட்டரில் நின்ற அட்டையைச் சுட்டது இன்றும் உடம்பில் இருக்கிறது. தோளில் பெரிய இடி ஏதுமில்லை. லேசான ஒரு தள்ளல், ஒரு 'டப்', வெடிமருந்தின் காரமான வாசம். சுட்டு முடித்ததும் உஸ்தாத் என்று நாங்கள் அழைத்த பயிற்றுநர் காலித் தோட்டாக்களை எண்ணி வாங்குவார். ஒன்று குறைந்தாலும் கணக்குச் சரியாகும்வரை யாரும் ரேஞ்சை விட்டு நகர முடியாது. ரைஃபிளை அவர்கள் கொடுத்தார்கள். தோட்டாவை அவர்கள் கொடுத்தார்கள். எந்தத் திசையில் சுடுவது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். அட்டைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு ஒன்று இருந்தது. நாங்கள் சுட்ட ஒவ்வொரு குண்டையும் அது வாங்கிக்கொண்டது. பேனக்பர்னில் அந்த மண்மேட்டை நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மேலாளர் சொன்ன மீதிப் பாதி அதுதான்.

லைசென்ஸுக்கு முதலில் ஒரு பாடவகுப்பும் எழுத்துத் தேர்வும். ஆயுத நெறி என்று ஒரு சிறு புத்தகம் தருவார்கள். அதன் அடிப்படை ஏழு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே கருது. எப்போதும் பாதுகாப்பான திசையில் பிடி. சுடத் தயாரானபோது மட்டும் துப்பாக்கியின் அறையில் தோட்டாவை ஏற்று. இலக்கு இன்னதென்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள். குண்டு போகும் பரப்பைச் சரிபார். துப்பாக்கியையும் தோட்டாவையும் பத்திரமாகப் பூட்டி வை. மதுவோ போதையோ உள்ளபோது தொடாதே. வகுப்பு எடுத்தவர் ஐந்தாம் விதியில்தான் அதிக நேரம் நின்றார். பாயின்ட் டூ டூ தோட்டாப் பெட்டியைத் தூக்கிக் காட்டி, அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த எச்சரிக்கையை ஒவ்வொருவரையும் படிக்கச் சொன்னார். விரல் நுனியில் அடங்கும் அந்தக் குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் போய் ஆளைக் கொல்லக்கூடியது.

தேர்வுக்குப் பிறகு லைசென்ஸ் விசாரணைக்காக ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். இரும்புப் பெட்டி சுவரில் சரியாக முடுக்கப்பட்டிருக்கிறதா, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் மனைவியிடம் தனியாகப் பேசினார். வீட்டில் துப்பாக்கி இருக்கப்போவது அவளுக்குச் சம்மதமா, நான் கோபக்காரனா, குடிப்பவனா, மனம் ஒடிந்து கிடந்ததுண்டா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அதுவரை அவள் இதற்கு முழு மனதோடு இல்லை. ஐந்து வயது மகள் ஓடி விளையாடும் வீட்டில் இது எதற்கு என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்வி.

அவர் போன பிறகு அடுக்களையில் நின்றபடி சொன்னாள்: "சாவி எங்க இருக்குன்னு எனக்கே தெரியக் கூடாதாம்ல. லைசென்ஸ் இல்லாதவங்க யாரு கையிலயும் சாவி போகக் கூடாதுங்கிறாரு. அப்படித்தான் வைப்பீங்கன்னா வாங்கிக்கங்க."

"அப்படித்தான் வைப்பேன்" என்றேன். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. ரைஃபிள் ஒரு பூட்டில், தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் போல்ட் கழற்றப்பட்டு வேறொரு பூட்டில், தோட்டா மூன்றாவது பூட்டில். ஒரு நாட்டின் சட்டம் மனைவியின் வார்த்தைக்கு இவ்வளவு இடம் கொடுத்ததை நான் மதிக்கிறேன்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கடைக்குப் போகலாம் என்றேன். மேலாளர் தோட்டத்தின் வரைபடத்தை அச்செடுத்து, பச்சை, சிவப்பு என்று இரண்டு பேனாக்களோடு வந்தார். "முதலில் எங்கே சுடலாம் என்று பார்ப்போம்" என்றார்.

வேலியோரமாக நடக்கத் தொடங்கினோம். பேனக்பர்ன் 1860-களில் தங்க வேட்டை நடந்த ஊர். தண்ணீரைப் பீய்ச்சி மலைச்சரிவைக் கரைத்துத் தங்கம் எடுத்த இடங்கள் இன்றும் செங்குத்தான களிமண் சுவர்களாக நிற்கின்றன. எங்கள் தோட்டத்தின் வடக்கு மூலையில் வரிசைகள் அப்படியொரு மண்சுவரில் போய் முடிகின்றன. அங்கே வரிசைக்கு நேராகச் சுட்டால், தப்பும் குண்டு களிமண்ணில் புதையும். அந்தப் பகுதியைப் பச்சையால் தீட்டினோம். மேற்கில் அதே போன்ற மண்சுவர் உண்டு. ஆனால் அதன் தலைப்பில் மக்கள் நடந்து போகும் பாதை இருக்கிறது. சிவப்பு. கிழக்கில் ஏற்றத்தின் விளிம்பில் முயல்கள் அதிகம் உட்காரும். அவற்றின் காதுக்குப் பின்னால் வானம்தான் தெரியும். வானம் பின்னணியாக உள்ள இடத்தில் சுடவே கூடாது. சிவப்பு. தெற்கில் ஷிஸ்ட் பாறைகள் தட்டுத் தட்டாக நிலத்திலிருந்து துருத்திக்கொண்டு நிற்கின்றன. மெதுவாகப் போகும் ஈயக் குண்டு கல்லில் சாய்வாகப் பட்டால் உடையாமல் திசைமாறித் தெறிக்கும். அங்கே ஒரு மேட்டில் ஏறி நின்று, கீழ்நோக்கிச் சுடும்படியான ஓர் இடத்தை மட்டும் பச்சையாக்கினோம். கொடி வரிசைகளுக்குக் குறுக்கே சுடுவதற்கு எங்குமே இடமில்லை. இரும்புத் தூண்கள், இழுத்துக் கட்டிய கம்பிகள், சொட்டுநீர்க் குழாய்கள், அடுத்த வரிசையில் குனிந்து கவாத்து செய்யும் ஆள்.

வரைபடம் முடிந்தபோது இருட்டியிருந்தது. பச்சைத் திட்டுகளை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கு வேண்டிய ரைஃபிளின் உருவம் தெளிந்தது. அந்தத் திட்டுகளில் எதிலும் அறுபது மீட்டருக்கு மேல் சுட வேண்டிய தேவை இல்லை. எல்லாம் வீடுகளுக்கும் பாதைகளுக்கும் அருகில். ஆகவே தூரம் போகும் துப்பாக்கி வேண்டாம். சத்தம் குறைந்ததாக, ஒரே குண்டில் வேலையை முடிக்கும் துல்லியம் உள்ளதாக இருக்க வேண்டும்.

இந்தத் தேவைக்குப் பொருந்தும் பாயின்ட் டூ டூ தோட்டாவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பெரிய ரைஃபிள் தோட்டாவின் அடியில் நடுவிலே ஒரு தனிப் பொட்டு இருக்கும். ஊசி அதில் அடிக்கும். பாயின்ட் டூ டூவில் அந்தப் பொட்டு இல்லை. பித்தளைக் குப்பியின் அடிப்பாகம் வெளிப்பக்கம் விளிம்பாக மடிந்திருக்கும். தட்டினால் தீப்பற்றும் மருந்து அந்த மடிப்புக்குள் வளையமாகப் பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கியதும் அது பற்றி, உள்ளிருக்கும் வெடிமருந்தைக் கொளுத்துகிறது. சுட்ட குப்பியைப் பார்த்தால் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் தெரியும். விளிம்பு எளிதில் நசுங்க வேண்டும் என்பதால் குப்பியின் தகடு மெல்லியது. மெல்லிய தகடு அதிக அழுத்தம் தாங்காது. அதனால்தான் இந்தத் தோட்டாவுக்கு இயற்கையிலேயே ஓர் அடக்கம் இருக்கிறது. ஒருமுறை சுட்ட குப்பியை மறுபடி நிரப்பவும் முடியாது. விளிம்பில் ஓரிடத்தில் மருந்து பரவாமல் போயிருந்தால் அடித்தும் வெடிக்காது. அப்போது குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்து, அரை நிமிடமாவது பொறுத்துத்தான் போல்டைத் திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு.

இந்த வடிவத்தின் மூதாதையான பாயின்ட் டூ டூ ஷார்ட்டை 1857-இல் ஸ்மித் அண்ட் வெசன் தன் கைத்துப்பாக்கிக்காகக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் ஓடும் பாயின்ட் டூ டூ லாங் ரைஃபிள் 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் குண்டு வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே அளவில் நீடிக்கும் பொருள் அபூர்வம். பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சி முதல் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் போட்டி வரை, எளியவருக்கும் வல்லவருக்கும் ஒரே தோட்டா போதுமானதாக இருந்திருக்கிறது.

கடைக்காரர் நான்கு ரைஃபிள்களை மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்குமுன் போல்டைத் திறந்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, திறந்தபடியே நீட்டினார். வாங்கிய நானும் அதையே செய்தேன். துப்பாக்கி கைமாறும்போது வார்த்தையை நம்பக் கூடாது என்ற அந்த வழக்கம், சந்தேகத்திலிருந்து வந்ததல்ல. ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் அக்கறையிலிருந்து வந்தது.

முதலாவது, ரூகர் 10/22. 1964 முதல் வரும் அமெரிக்கத் துப்பாக்கி. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். உருளை வடிவ மேகசினில் பத்துத் தோட்டா. எடை குறைவு, உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைக்கும். இரண்டாவது, செக் நாட்டு சீஇசட் 455. ஒவ்வொரு முறையும் கையால் போல்டை இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும். மூன்றாவது, அதன் முந்தைய தலைமுறையான பழைய ப்ர்னோ மாடல் 2. நியூசிலாந்துப் பண்ணை வீடுகளில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்து சேரும் ரைஃபிள் என்றால் பெரும்பாலும் இதுதான். வால்நட் கட்டை தேய்ந்து கறுத்திருந்தது. குழலின் உட்புறம் மட்டும் கண்ணாடியாக மின்னியது. நான்காவது, வேறொரு தோட்டாவுக்கானது. 2002-இல் வந்த பாயின்ட் ஒன் செவன் எச்எம்ஆர்.

கடைசியாகச் சொன்ன இந்தத் தோட்டாவைப் பலரும் விரும்புகிறார்கள். காரணம் உண்டு. 1.1 கிராம் எடையுள்ள அதன் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 775 மீட்டர் வேகத்தில் போகிறது. நூறு மீட்டரைத் தாண்டியும் கோடு போட்டதுபோல் நேராகச் செல்லும். பட்டதும் துகளாகச் சிதறுவதால் தெறித்துப் போகும் ஆபத்தும் குறைவு. பாறை நிறைந்த திறந்த மலைச்சரிவில் முயல் சுடுபவர் அதைத் தேர்ந்தெடுத்தால் சரியான முடிவு என்பேன். ஆனால் ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலே போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தத்தை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. தோட்டாவின் விலையும் கூடுதல். சிறிய உடலை அது சிதைத்துவிடுவதால் கறியும் வீணாகும். எங்கள் வரைபடத்தின் பச்சைத் திட்டுகளில் அதற்கு வேலை இல்லை.

அரைத் தானியங்கியா, கையால் போல்ட் இழுப்பதா என்பதில்தான் நீண்ட நேரம் நின்றேன். ஓடும் முயலை அடுத்தடுத்துச் சுடுபவர்களுக்கு அரைத் தானியங்கி வசதிதான். ஆனால் கொடிகளுக்கிடையே ஓடும் முயலைச் சுட எனக்கு இடமே இல்லை. உட்கார்ந்திருக்கும் ஒன்றை, ஒரே ஒரு முறை. பிறகு அந்தக் குண்டு எங்கே போனது என்று பார்த்தாக வேண்டும். போல்டை இழுக்கும் அந்த ஒரு நொடி என்னைப் பார்க்க வைக்கும். அதோடு, ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாக்களில் பல, அரைத் தானியங்கியின் இயக்கத்தைத் தள்ளும் விசை போதாமல் சிக்கிக்கொள்ளும். போல்ட் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. திறந்த போல்ட் எட்ட நிற்பவருக்கும் கண்ணில் தெரியும். மாலையில் தோட்டத்தில் நடந்து வரும்போது, எதிரே வரும் கூலியாளுக்கு அது ஒரு வாக்குறுதி.

அப்படியாகப் போல்ட் வகைக்கு வந்து, அதில் மூன்றாவதான ப்ர்னோவை எடுத்துப் பார்த்தேன். தோளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கக் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் பதித்த பிறகு கண்ணைத் திற என்றார். திறந்ததும் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிந்தால் அது உன் ரைஃபிள். ஓரம் கறுத்துத் தெரிந்தால் கட்டை உனக்கு நீளம் அல்லது குட்டை. சராசரித் தமிழ் உடம்புக்கு இங்குள்ள பல துப்பாக்கிகளின் கட்டை நீளம்தான். ப்ர்னோவில் வட்டம் முழுதாக வந்தது. விசையை இழுத்துப் பார்த்தபோது இழுபறியோ உரசலோ இல்லை. கண்ணாடிக்குச்சி ஒடிவதுபோல் சட்டென்று விட்டது.

குழலின் நீளத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. பாயின்ட் டூ டூவின் சிறிதளவு வெடிமருந்து நாற்பது சென்டிமீட்டருக்குள் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிடும். அதற்கு மேல் நீளம் வேகத்தைக் கூட்டாது. ஆகவே குழலைக் குறைத்து, முனையில் மரை போட்டு, சைலன்சர் பொருத்தச் சொன்னோம். பல நாடுகளில் கட்டுப்பாடு உள்ள சைலன்சர் இங்கே சாதாரணப் பண்ணைப் பொருள். அக்கம்பக்கத்தாரின் அமைதியும் சுடுபவரின் காதும் காக்கப்பட வேண்டும் என்பதே காரணம். ஸ்கோப் நான்கு மடங்கு பெரிதாக்குவது போதும். அது இவ்வகை ரைஃபிளுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்புகளை நூறு கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள். அதை ஐம்பதில் பயன்படுத்தும்போது கண் சற்று விலகினாலே குறியும் விலகும்.

ரைஃபிள் வாங்கியாயிற்று, ஆனால் தேர்வு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு பாயின்ட் டூ டூவும் தனக்குப் பிடித்த தோட்டாவைத் தானே சொல்லும் என்பார்கள். பல தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, வடக்கு மூலை மண்சுவரில் அட்டை ஊன்றி, ஐம்பது மீட்டரில் மணல் மூட்டையில் சாய்த்துச் சுட்டேன். ஒரு வகை உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. விலை கூடிய இன்னொன்றும் அதைவிடப் பெரிதாக மேம்படவில்லை. நடுத்தர விலையில், ஒலியைவிட மெதுவாகப் போகும், நுனியில் குழி உள்ள ஒரு வகை மட்டும் ஐந்து துளைகளையும் பத்து சென்ட் நாணயத்தால் மூடிவிடலாம்போல் நெருக்கமாகப் போட்டது. அந்த நாணயத்தின் குறுக்களவு இரண்டு சென்டிமீட்டர்தான். ஒரே ரைஃபிள், ஒரே ஆள், ஒரே சாயங்காலம். தோட்டா மட்டும் வேறு. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் எந்த ரைஃபிள் நல்லது என்று மொட்டையாகக் கேட்க மாட்டார்கள்.

நுனிக் குழி ஏன் வேண்டும் என்றால், குழி இல்லாத ஈயக் குண்டு முயலின் உடலை ஊசிபோல் துளைத்து மறுபக்கம் போய்விடும். முயல் பொந்துக்குள் ஓடி மெதுவாகச் சாகும். குழி உள்ளது பட்டதும் விரிந்து, உள்ளேயே தன் விசையை இறக்கிவிடும். கொல்வதென்று முடிவு செய்த உயிரை வதைக்காமல் கொல்வது சுடுபவரின் முதல் கடன்.

வேகமான தோட்டாதான் காற்றில் நேராகப் போகும் என்பது நம் பொதுப் புத்தி. பாயின்ட் டூ டூவில் அது பொருந்தாது. நொடிக்கு 380 மீட்டரில் கிளம்பும் குண்டு, ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் காற்றின் தடையைக் கடுமையாகச் சந்தித்து விரைவில் தளர்கிறது. 320 மீட்டரில் கிளம்புவது தன் வேகத்தைப் பெரிதாக இழப்பதில்லை. பக்கக் காற்று அதிகம் தள்ளுவது, இப்படிச் சட்டென்று தளரும் குண்டைத்தான். பேனக்பர்னில் வடமேற்குக் காற்று வீசும் நாட்களில் அட்டையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மெதுவான தோட்டாவுக்கு வேறொரு விலை உண்டு: ஐம்பது மீட்டரில் குறி வைத்துச் சரிசெய்தால், நூறு மீட்டரில் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கும். முயலின் தலை நான்கு விரல் அகலம்கூட இல்லை. ஆகவே அறுபது மீட்டருக்கு அப்பால் நான் சுடுவதில்லை. ரைஃபிளால் முடியும் என்பது வேறு. பிழையில்லாமல் ஒவ்வொரு முறையும் என்னால் முடிவது அறுபது.

இருட்டில் விளக்கடித்துச் சுடும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. விளக்கில் முயலின் கண் சிவந்து மின்னும். 2010-இல் வடதீவில் துராங்கிக்கு அருகே, முகாமில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஓர் இளம் பெண்ணின் தலைவிளக்கை மானின் கண் என்று நினைத்து ஒருவர் சுட்டுவிட்டார். அந்தப் பெண் இறந்துபோனார். ஒளிரும் இரண்டு புள்ளிகள் ஒரு பிராணி ஆகிவிடாது. உடல் முழுதும் தெரிய வேண்டும், பின்னால் மண் தெரிய வேண்டும். எங்கள் தோட்டத்தில் சூரியன் சாய்ந்த பிறகு கிடைக்கும் கடைசி ஒரு மணி நேர வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்வதென்று மேலாளரும் நானும் முடிவு செய்தோம். அந்த நேரத்தில்தான் முயல்களும் வெளியே வரும். சரிவெங்கும் படர்ந்த காட்டுத் தைம் செடியின் வாசத்தில், களிமண் சுவருக்கு முன்னே ஒன்று வந்து உட்காரும்வரை அசையாமல் படுத்திருப்பது வயல்வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் ஐம்பத்தொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொழுகைக்குப் போன குடியேறிகள் பலர் அவர்களில் இருந்தார்கள். அந்த வாரம் ரைஃபிள் பெட்டியைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்தது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத பாயின்ட் டூ டூ அரைத் தானியங்கிகளுக்கு விலக்கு அளித்தார்கள். 2023 ஜூனில் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவு செய்யும் முறை தொடங்கியது. சிலர் முணுமுணுத்தார்கள். நான் முழு மனதோடு பதிவு செய்தேன். முயலுக்காக வாங்கிய கருவி முயலுக்காகவே இருக்கிறது என்று ஊருக்குக் கணக்குக் காட்டுவதில் எனக்கு எந்தக் குறைவும் இல்லை. காலித் தோட்டாவை எண்ணி ஒப்படைத்துப் பழகியவனுக்கு அந்தக் கணக்கு இயல்பானது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. செத்த முயலை அப்படியே விட்டால் கஹு என்ற பருந்து வந்து கொத்தும். முயலின் உடலில் தங்கிய ஈயத் துணுக்குகள் பருந்தின் வயிற்றுக்குப் போகும். பிணம் தின்னும் பறவைகளுக்கு ஈயம் நஞ்சு. அதனால் சுட்ட ஒவ்வொன்றையும் எடுத்துவிட வேண்டும் என்பதைத் தோட்டத்தின் விதியாக்கினோம். அக்கம்பக்கத்தில் விஷம் வைக்கவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்ட காலங்களில் என் மனைவி மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுண்ட வறுப்பாள். மற்றவற்றை ஆழக் குழி தோண்டிப் புதைப்போம்.

இப்போது அந்தத் தோட்டத்தில் முயல் பொறுப்பு இளையவர் ஒருவரிடம் போகிறது. பஞ்சாபிலிருந்து வந்தவர், லைசென்ஸ் வாங்கிவிட்டார். "ரூகர் வாங்கட்டுமா, சீஇசட் வாங்கட்டுமா அண்ணா?" என்று கேட்டார். அவருக்கு என் பதில் ஒன்றுதான்: புதிதாக ஒரு வரைபடம், இரண்டு பேனா. கடந்த ஆண்டுகளில் கிழக்குப் பக்கம் வீடுகள் எழும்பியிருக்கின்றன. தெற்கில் புது வரிசைகள் நட்டிருக்கிறோம். என் பச்சைத் திட்டுகளில் சில இனிச் சிவப்பாகும். அவர் தன் கால்களால் நடந்து அவற்றைத் தீட்டட்டும். சுடக்கூடிய இடம் எது, அங்கே மிக நீளமான தூரம் எவ்வளவு, தப்பிய குண்டை வாங்கிக்கொள்ளப்போவது எது என்று மூன்றும் தாளில் வந்துவிட்டால், அதன்பின் எந்தக் கடைக்குப் போனாலும் அவர் சரியான ரைஃபிளோடுதான் திரும்புவார்.